பல் மருத்துவரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பிலேயே வசிக்கும் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரிக் கணக்கையும் லிஃப்ட் பராமரிப்பையும் பேசி முடித்த பிறகு, பல்லைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். நன்றி. என் கிளினிக்குக்கு வாருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நம் செயலாளர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சேலத்துல தெருவுக்கு ரெண்டு பல் கிளினிக் இருக்கு டாக்டர். ஒருத்தர் பல்லைப் பிடுங்கணும்கிறார், இன்னொருத்தர் ரூட் கேனல்கிறார். நாங்க யாரை நம்புறது?" அதற்குத்தான் இன்று பதில் சொல்லப் பார்க்கிறேன்.

கிளினிக்குகள் இவ்வளவு இருப்பதில் ஆச்சரியம் இல்லை. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து முடித்தவர்களில் பலர் இந்தப் பக்கத்திலேயே தொழில் தொடங்குகிறோம். வாடகைக்கு ஓர் இடம், வங்கிக் கடனில் ஒரு சிகிச்சை நாற்காலி, ஒரு எக்ஸ்ரே கருவி, ஓர் உதவியாளர். மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். அந்த நேரத்தில் உள்ளே வருகிற நோயாளியின் பல்லைப் பார்த்தால் தவணை ஞாபகம் வரும். இதை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். எனக்கும் வந்திருக்கிறது.

தொழில் தொடங்கிய புதிதில் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் தாங்க முடியாத வலி. எக்ஸ்ரே எடுத்தேன். காப்பாற்றக்கூடிய பல்தான். அன்றைக்கே ரூட் கேனலைத் தொடங்கி, வேருக்குள் மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து, "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பினேன். முன்பணமும் வாங்கிக்கொண்டேன். வலி நின்றதில் அவருக்கும் சந்தோஷம்.

அவர் திரும்பி வந்தது நாற்பது நாள் கழித்து. கன்னம் வீங்கி, வாயே திறக்க முடியவில்லை. லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறார். தற்காலிக அடைப்பு வழியில் எங்கோ விழுந்துவிட்டது. பல்லும் பிளந்திருந்தது. சீழை வடித்து, அந்தப் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. "அடுத்த வாரம்னு சொன்னேனே, ஏன் வரலை?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் சொன்னார்: "எப்போ லோடுன்னு நீங்க கேக்கவே இல்லைங்களே டாக்டர். கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்க."

என் சிகிச்சையில் தவறு இல்லை. ஆனால் அந்த மனிதருக்கு அது பொருந்தாத சிகிச்சை. அவர் ஊரில் எத்தனை நாள் இருப்பார் என்று கேட்டிருந்தால், முடிந்தால் ஒரே அமர்வில் முடித்திருப்பேன். இல்லை, லோடு முடித்து வரும்வரை தாங்கும்படி உறுதியாக அடைத்து, எந்த அறிகுறி வந்தால் வழியிலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். நாமக்கல்லில் லாரி, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி என்று மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பவர்கள் நிறைந்த பகுதி இது. அதைக் கேட்காமல் வைத்தியம் பார்த்தது என் தவறுதான். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பல்லைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு கிளினிக்கில் சிலவற்றை மாற்றினேன். முதல் பத்து நிமிடம் நாற்காலியைச் சாய்ப்பதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவோம். வாயில் கருவி இருக்கும்போது கேள்வி கேட்டால் யார் பதில் சொல்ல முடியும்? என்ன வேலை, எப்போது ஊரில் இருப்பீர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம் உண்டா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, போன முறை பல் வைத்தியத்தில் எது பயமாக இருந்தது என்று கேட்பேன். எக்ஸ்ரேயைத் திரையில் காட்டுவேன். வழிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே செலவையும் வரவேண்டிய நாட்களையும் எழுதிக் கொடுப்பேன். அவசரம் இல்லையென்றால் அன்றே தொடங்குவதில்லை. சிகிச்சை நடக்கும்போது இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவேன். பல் எடுத்தவர்களுக்கு மறுநாள் மாலை போன் செய்து விசாரிப்போம். ஆரம்பத்தில் வருமானம் குறைந்தது. பிறகு அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போனவர்களே அண்ணன், அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று அழைத்து வந்தார்கள்.

கேட்பதால் வைத்தியமே மாறும் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு பெண்ணை அவர் அம்மா அழைத்து வந்தார். முன்பற்களில் பழுப்புக் கறை. "ஒழுங்கா பல் விளக்க மாட்டா" என்றார் அம்மா. அந்தப் பெண் கையால் வாயை மூடிக்கொண்டே பேசினார். சின்ன வயதில் என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டேன். கிராமத்தில் போர்வெல் தண்ணீர். அது அழுக்கு இல்லை, ஃபுளோரோசிஸ். பல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், ஃபுளோரைடு அதிகமுள்ள தண்ணீரைக் குடித்தால் வருவது. பல் விளக்காததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பெண் என்னிடம் கேட்டது கறையைப் பற்றி அல்ல. "என் குழந்தைக்கும் வருமா டாக்டர்?" என்றுதான் கேட்டார். பரம்பரையாக வராது, தண்ணீரைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன். கறைக்கு வைத்தியம் அடுத்த முறைதான் பேசினோம்.

இது நமக்கும் பொருந்தும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தப் பிரச்சினைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் தொடங்கியது. நம் சேலம் மாவட்டத்திலும் சில இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். காவிரித் தண்ணீர் வராத நாளில் நம் போர்வெல் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ குழந்தைகள் குடித்தால், அதைப் பரிசோதித்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது.

இனி, நான் சொல்ல வந்த நான்கு கேள்விகள். எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் கேளுங்கள்.

ஒன்று, எனக்கு என்ன பிரச்சினை, எக்ஸ்ரேயில் காட்ட முடியுமா?

இரண்டு, இதற்கு வேறு என்ன வழிகள் இருக்கின்றன?

மூன்று, ஒவ்வொன்றுக்கும் கேப் உட்பட மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை முறை வரவேண்டும்?

நான்கு, இப்போது செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழிகள் ஆகியவற்றைச் சொல்லித்தான் நோயாளியின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் கூறியிருக்கிறது. பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதலைச் சிகிச்சைக்கும் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. நல்ல மருத்துவர் உங்கள் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், வலி இல்லாத பட்சத்தில், எழுந்து வந்து இன்னொருவரிடம் கேளுங்கள்.

உங்கள் பக்கமும் ஒரு கடமை உண்டு. சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காதீர்கள். இதய மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டும் வராதீர்கள். புகையிலை போடும் பழக்கம் இருந்தால் சொல்லுங்கள். நாங்கள் திட்டுவதற்காகக் கேட்பதில்லை, வாய்ப் புற்றை ஆரம்பத்திலேயே பார்ப்பதற்காகக் கேட்கிறோம். பணம் இப்போது இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். எதை முதலில் செய்ய வேண்டும், எது ஆறு மாதம் பொறுக்கும் என்று பிரித்துச் சொல்ல முடியும்.

கடைசியாக ஒன்று. நம் காவலாளி அண்ணன் பல வாரங்களாக ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறார். வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களில் சிலருக்கும் பல் வலி உண்டு. செலவுக்குப் பயந்து பொறுத்துக்கொள்கிறார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. அவர்களிடம் இந்தத் தகவலைச் சொல்லி அனுப்புங்கள். அந்த நான்கு கேள்விகளையும் சொல்லி அனுப்புங்கள்.