கடைசி வரிசையில் உட்காருபவர்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள் எல்லாம் உள்ளே போய் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அதே சாலையில் ஒரு ஸ்கூட்டர் வரும். ஓட்டி வருபவரின் தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் மதியச் சாப்பாட்டு டப்பா, ஒரு நோட்டு, ரப்பர் பேண்டு போட்டுப் பத்துப் பத்தாகக் கட்டிய ஐஸ்கிரீம் குச்சிகள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் தலைமையாசிரியர் நாற்காலி கொண்டுவரச் சொல்வார். "வேணாம் டீச்சர், நான் பிள்ளைங்களோட கீழேயே உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசைப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார்.

இவர் ஆசிரியர் பயிற்றுநர். ஊருக்குள் "பி.ஆர்.சி.யிலேர்ந்து வந்திருக்காங்க" என்பார்கள். பி.ஆர்.சி. என்றால் வட்டார வள மையம். பள்ளிக்கூடத்துக்குத் துணை நிற்பதும், அங்கே பாடம் எப்படி நடக்கிறது, பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வதும் இவருடைய வேலை. திருவள்ளூர் மாவட்டத்தில் மொத்தம் 14 ஒன்றியங்கள். பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் குப்பம், பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தெலுங்கு வீடுகள், கும்மிடிப்பூண்டியின் இலங்கைத் தமிழர் முகாம், இருளர் குடியிருப்பு, ஆலைத் தொழிலாளர் காலனி என்று எல்லா இடத்துப் பிள்ளைகளும் இந்த மாவட்டத்து வகுப்பறைகளில் இருக்கிறார்கள்.

நேயர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 'இன்ஸ்பெக்‌ஷன்' நாள் மறந்திருக்காது. முதல் நாளே சுவரில் சுண்ணாம்பு ஏறும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் முன்வரிசைக்கு வருவார்கள். "வணக்கம் ஐயா" என்று ஒரே குரலில் சொல்ல ஒத்திகை நடக்கும். வந்து போன அந்தப் பெரியவர் எந்த வகுப்புக்காவது பாடம் எடுத்தவரா, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ' எழுதக் கைபிடித்துப் பழக்கியவரா என்று அன்றைக்கு யாரும் கேட்டதில்லை. இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியது. பள்ளியை மதிப்பிட வருபவர் எங்கிருந்து வருகிறார்?

கேள்வி பழையது. இங்கிலாந்தில் மேத்யூ ஆர்னால்டு என்ற பெரிய கவிஞர் 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளராக வேலை பார்த்தார். 1862இல் அங்கே ஒரு விதி வந்தது. ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளைகள் எவ்வளவு ஒப்பிக்கிறார்களோ அதைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம். பிள்ளைகள் வெறும் மனப்பாட எந்திரமாகிவிடுவார்கள் என்று ஆர்னால்டே அதை எதிர்த்து எழுதினார். அதே முறை 1860களில் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆய்வாளரைக் கண்டால் வாத்தியாருக்கு வியர்த்துக் கொட்டிய காலத்துக்கு அதுதான் தொடக்கம்.

அந்த உறவை மாற்றிக் காட்டிய முயற்சி ஒன்று இதே மண்ணில் நடந்தது. பள்ளித் துணை ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றி, பின்னாளில் பொதுக்கல்வி இயக்குநராக உயர்ந்த நெ. து. சுந்தரவடிவேலு, காமராசர் முதல்வராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தைத் தொடங்கினார். 1958இல் அதன் முதல் சோதனைக் களம் கடம்பத்தூர் வட்டாரம். அப்போது அது செங்கற்பட்டு மாவட்டம். இன்று திருவள்ளூர் மாவட்டம். பள்ளிக்கு என்னென்ன குறை என்று ஆசிரியரும் ஊராரும் ஆய்வாளரும் சேர்ந்து உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். மேசை, நாற்காலி, கடிகாரம், மணி, கட்டடத்துக்கு ஓடு என்று ஊர் மக்கள் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். பள்ளிப் படிகளைப் பல வருடம் மிதித்த மனிதருக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும்.

இன்றைக்கு வருபவர்களின் பின்னணியைச் சுருக்கமாகப் பார்க்கலாம். தொடக்கக் கல்விப் பட்டயம் படித்து ஒன்று முதல் ஐந்து வரை நடத்துபவர் இடைநிலை ஆசிரியர். பட்டப்படிப்பும் பி.எட்.டும் முடித்தவர் பட்டதாரி ஆசிரியர். ஆசிரியர் பயிற்றுநராக வருபவர்கள் இந்தப் பட்டதாரி வழியில் வந்தவர்கள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஆளுக்கொரு பாடம். வட்டாரக் கல்வி அலுவலர்களில் சிலர் போட்டித் தேர்வு எழுதி நேரடியாக வந்தவர்கள், சிலர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து பதவி உயர்வு பெற்றவர்கள். திருவூரில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர்கள் முதுகலையோடு எம்.எட். முடித்தவர்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் உண்டு. பள்ளிக்கு வர முடியாத பிள்ளையின் வீட்டுத் திண்ணைக்கே போய்க் கையைக் காலை நீட்டி மடக்கிப் பழக்கிவிட்டு, எழுத்தையும் சொல்லித் தருபவர்கள் இவர்கள்தான். பலர் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் நல்ல நிலை வாய்க்க வேண்டும்.

இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. பி.எட். படிப்பு ஒருவரை ஆறாம் வகுப்பு முதல் பாடம் நடத்தத் தயார் செய்கிறது. ஆனால் ஆசிரியர் பயிற்றுநர் போய் உட்கார வேண்டிய வகுப்புகளில் பெரும்பாலானவை ஒன்று, இரண்டு, மூன்று. அங்கே இருபது வருடமாகப் பாடம் நடத்துகிற இடைநிலை ஆசிரியருக்கு இவர் என்ன சொல்லித் தர முடியும்?

மீஞ்சூர்ப் பக்கம் வேலை பார்த்த ஒரு பயிற்றுநரின் கதை இந்த இடத்தில் சொல்ல வேண்டியது. அவர் கணிதத்தில் முதுகலை. பத்தாம் வகுப்புக்கு வடிவியல் நடத்த ஆசைப்பட்டவர். முதல்முறையாக ஒரு மூன்றாம் வகுப்பைப் பார்க்கப் போனார். ஒரு பெண்பிள்ளையின் நோட்டில் 42லிருந்து 17 போனால் 35 என்று எழுதியிருந்தது. சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 25 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். ஓய்வு பெற ஓரிரு வருடமே இருந்த வகுப்பாசிரியை அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "சார், அந்தப் பொண்ணு குருட்டாம்போக்குல எழுதலை. பெரிசுலேர்ந்து சின்னதைக் கழிக்கணும்னு நாமதானே சொல்லித் தந்தோம்? அது ஏழுலேர்ந்து ரெண்டைக் கழிச்சிருக்கு."

நேயர்கள் ஒரு நிமிடம் மனதுக்குள் போட்டுப் பாருங்கள். ஏழில் இரண்டு போனால் ஐந்து. நான்கில் ஒன்று போனால் மூன்று. விடை 35. கேட்ட விதியைப் பிள்ளை அப்படியே பின்பற்றியிருக்கிறது!

மதியம் அந்த ஆசிரியை பிள்ளையைத் தன் அருகில் உட்காரவைத்தார். பத்துக் குச்சிகள் கொண்ட கட்டு நான்கு, உதிரியாக இரண்டு குச்சிகள். "இதுலேர்ந்து பதினேழு குச்சி எடுத்து சாருக்குக் குடு" என்றார். பிள்ளை ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தது. இன்னும் ஏழு வேண்டும். உதிரி இரண்டையும் கொடுத்தது. பிறகு நின்றுவிட்டது. ஆசிரியை வாயைத் திறக்கவில்லை. பயிற்றுநருக்குச் சொல்லிவிட நாக்கு துடித்தது, ஆசிரியை கையமர்த்திவிட்டார். அரை நிமிடம் போயிருக்கும். பிள்ளை மீதிக் கட்டுகளைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது, ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி ஐந்து குச்சிகளை எண்ணிக் கொடுத்தது. மீதி இரண்டு கட்டும் ஐந்து குச்சியும். யாரும் கேட்காமலே நோட்டை எடுத்து 35ஐ அடித்துவிட்டு 25 என்று எழுதிக்கொண்டது.

அன்றிலிருந்து அந்தப் பயிற்றுநரின் பையில் குச்சிக் கட்டு இல்லாத நாளே இல்லை. தன்னுடைய முதுகலைப் பட்டத்துக்குப் பிறகு படித்த பெரிய பாடம் அந்த அரை நிமிடம்தான் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்.

அந்த ஆசிரியையின் கண்ணை இன்னொருவருக்குக் கடத்த முடியுமா? முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், அட்டைகளைக் கொண்டு பிள்ளைகள் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களையே ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளிக்கு அனுப்பி அங்குள்ள முறையைக் கற்றுவரச் செய்தார். பாட அட்டைகளை உருவாக்கியதும் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் வகுப்பறை ஆசிரியர்கள்தான். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுக்கப் பரவியது. இன்றும் தொடக்கப் பள்ளிச் சுவர்களின் அடிப்பகுதியில், பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதுவதற்கான கீழ்மட்டக் கரும்பலகையைப் பார்க்கலாம். அது அந்த நாட்களின் மிச்சம்.

அடுத்த பெரிய திட்டம் இதே மாவட்டத்தில் தொடங்கியது. 2022 ஜூன் 13ஆம் தேதி புழல் ஒன்றியத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதல்வர் தொடங்கிவைத்தார். கொரோனா விடுமுறையில் விட்டுப்போன எழுத்தையும் எண்ணையும் எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிடித்துவிட வேண்டும் என்பது நோக்கம். ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். எந்தப் பிள்ளை எந்த நிலை என்று சரியாகக் கண்டுபிடிக்காவிட்டால் மொத்தத் திட்டமும் தடம் புரளும். ஆகவே மதிப்பிடுபவரின் கண்தான் இங்கே எல்லாம். ஆனால் அந்தக் கண்ணில் பாதி நேரம் கைப்பேசித் திரையிலும் பதிவேற்றத்திலும் போய்விடுகிறது என்பது பயிற்றுநர்கள் பரவலாகச் சொல்லும் மனக்குறை. நியாயமான குறை.

இனி, இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு வகுப்பறைக்குப் போகலாம். செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கங்களில் மழைக்காலம் முடிந்ததும் செங்கல் சூளைகளில் வேலை தொடங்கும். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். கல் எண்ணிக்கைக்குக் கூலி என்பதால், பிள்ளைகளும் ஈரக்கல்லைப் புரட்டிப் போட இறங்கிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்காகச் சூளைக்குப் பக்கத்திலேயே பள்ளிகள் நடந்தன. ஒடிசாவிலிருந்து ஒடியாப் பாடநூல்கள் வந்தன. ஒடியா தெரிந்த இளைஞர்கள் கற்பிக்க வந்தார்கள்.

இப்படி ஒரு பள்ளிக்குத் தமிழ் படித்த பயிற்றுநர் போனால் என்ன செய்வார்? பலகையில் இருப்பது ஒடியா. பனையோலைக் காலத்து வட்ட வட்டமான எழுத்து. பிள்ளை வீட்டில் பேசுவதோ சம்பல்புரி. அது பாடநூல் ஒடியாவிலிருந்து நிறையவே வேறுபடும். எழுத்து தெரியாத அவருக்குக் கைகொடுப்பது வகுப்பறைப் பழக்கம்தான். தரையில் கூழாங்கற்களைக் கொட்டி விரலால் நான்கு காட்டுவார். பிள்ளை நான்கு கல்லை நகர்த்தி "சாரி" என்று சொல்லும். ஒடியாவில் நான்குக்கு அதுதான் சொல். அவரும் "சாரி" என்று திருப்பிச் சொல்லி, "நாலு" என்று தமிழிலும் சேர்ப்பார். பிள்ளைக்கு எண் தெரிகிறது, சொல் மட்டும்தான் வேறு என்று அவர் நோட்டில் எழுதும் ஒரு வரி, அந்தப் பிள்ளை 'கற்றல் குறைந்தவர்' பட்டியலில் விழாமல் காப்பாற்றும். பிளஸ் டூ மட்டுமே படித்த ஒடிசா இளைஞர் அந்தப் பிள்ளையின் பேச்சை அறிவார். பட்டம் பெற்ற பயிற்றுநர் கற்றலின் படிநிலையை அறிவார். அந்த வகுப்புக்கு இருவருமே வேண்டும்.

நேரம் நெருங்குவதால் தேசிய அளவிலான தேர்வுகளை வேகமாகத் தொட்டுவிடலாம். 2021 நவம்பர் 12ஆம் தேதி தேசிய அடைவுத் தேர்வு நடந்தது. 2024 டிசம்பர் 4ஆம் தேதி அடுத்த பெரிய ஆய்வு. இவற்றில் கள ஆய்வாளர்களாக ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் பள்ளிகளுக்குப் போகிறார்கள். அந்தப் பள்ளியோடு சம்பந்தம் இல்லாதவர் என்பதால் நடுநிலை கிடைக்கிறது. ஆனால் ஒரே நாளில் வந்து போகிறவருக்குத் தெரிவது விடைத்தாளில் நிரப்பப்பட்ட வட்டம் மட்டும். அங்கேயும் பின்னணி வேலை செய்யும் ஓர் இடம் உண்டு. 42 கழித்தல் 17 என்று கேள்வி தயாரிப்பவர், கொடுக்கும் நான்கு விடைகளில் 35ஐயும் ஒன்றாக வைத்தால், அதைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பிறகு தெரிந்துவிடும். 35ஐ வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அந்த நோட்டைத் திருத்திய அனுபவம் உள்ளவருக்கு.  

நிறைவாக ஒரு வேண்டுகோள். 2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அப்போது குழுவுக்கு 20 பேர், பெரும்பாலோர் பெற்றோர். இதைக் கேட்கும் உங்களில் சிலரே இப்போதுள்ள குழுவில் உறுப்பினராக இருக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு வள மையத்திலிருந்து யாராவது வந்தால், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "மேடம், நீங்க எந்த கிளாசுக்குப் பாடம் எடுத்திருக்கீங்க? எங்க பிள்ளைங்க கிட்ட என்ன பார்த்தீங்க?" என்று மரியாதையோடு கேளுங்கள். ஒன்றாம் வகுப்பைப் பார்க்க வரும் குழுவில் ஒன்றாம் வகுப்பு எடுத்த ஒருவராவது கட்டாயம் இருக்கும்படி அரசு செய்யும் என்று நம்புவோம். பதிவேற்றும் வேலை குறைந்து, பாயில் உட்காரும் நேரம் அவர்களுக்குக் கூடட்டும். மழை விட்டுச் சூளைகள் மறுபடி தொடங்கும்போது, அந்த ஸ்கூட்டர் குச்சிக் கட்டோடு அங்கேயும் போய்ச் சேரட்டும்.