ஆய்லர் சலித்துப் பார்த்த எண்



ஓர் எண் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் ஒன்றைக் கழித்தால் வருவது இது. ஒன்றும் இதே எண்ணும் தவிர வேறெதுவும் இதை மீதியில்லாமல் வகுக்காது. அதாவது, இது ஒரு பகா எண்.

இதை எப்படி உறுதி செய்வது? இதை வகுக்கும் எண் ஏதேனும் இருந்தால், அவற்றில் மிகச் சிறியது 46,340ஐத் தாண்டாது. அதற்குள்ளேயே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் கையால் வகுத்துப் பார்ப்பது லேசான வேலை இல்லை.

1772ஆம் ஆண்டு இதை முடித்துக் காட்டினார் கணிதர் லியோனார்ட் ஆய்லர். அப்போது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தார். பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. அவர் வேலையைச் சுருக்கிய விதம்தான் அழகு. இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்க வேண்டுமானால், அந்தப் பகா எண்ணை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று கண்டார். இந்தச் சல்லடையில் மிஞ்சுபவை 372 எண்கள்தான். அவற்றிலும் பகா எண்களைச் சோதித்தால் போதும். முதலில் நிற்பது 311. வகுத்துப் பாருங்கள், 35 மீதி வரும். மற்றவற்றிலும் ஏதோ ஒரு மீதி வந்துகொண்டே இருக்கும்.

இங்கிலாந்துக் கணிதர் பீட்டர் பார்லோ 1811இல், இந்த எண்ணிலிருந்து பிறக்கும் செவ்விய எண்ணைப் பற்றி, அதாவது தன்னைத் தவிர்த்துத் தன்னை வகுக்கும் எண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்ணைப் பற்றி, எழுதினார். இவையெல்லாம் வெறும் விந்தைகள், பயன் ஏதும் இல்லாதவை, ஆகவே இதைவிடப் பெரியதை யாரும் தேடப் போவதில்லை என்பது அவர் கணிப்பு. ஆனால், 1876இலேயே பிரான்ஸின் எதுவார் லூக்கா, 39 இலக்கம் கொண்ட ஒரு பகா எண்ணை நிறுவிவிட்டார்.

பயன்? அதுவும் வந்தது. கணினிச் சோதனைகளுக்கு, ஒழுங்கு தெரியாதபடி கலைந்து வரும் எண்கள் ஏராளமாக வேண்டும். 1969இல் ஐபிஎம் 360 கணினிகளுக்காக ஒரு முறை வெளியானது. ஓர் எண்ணை 16,807ஆல் பெருக்குங்கள். நம் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை மறுபடி பெருக்குங்கள். ஒன்றில் தொடங்கினால் 16,807, அடுத்து 28 கோடியே 24 லட்சத்து 75 ஆயிரத்து 249, அதற்கடுத்து 162 கோடியைத் தாண்டிவிடும். நம் எண்ணுக்குக் கீழே உள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வந்துபோன பிறகுதான் மறுபடி ஒன்று வரும். நம் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் இப்படி ஒன்று விடாமல் சுற்றி வர முடியாது. ஆய்லர் நிறுவிய அதே பண்புதான் இங்கே வேலை செய்கிறது.

பயன் என்ன என்று கேட்பதில் தவறில்லை. ஆனால், கேட்ட அன்றே விடை வேண்டும் என்று கணிதத்தை நெருக்குவது நியாயமில்லை. இங்கே விடை வர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் 2047ஐக் கொடுங்கள். 11 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. அதை வகுக்கும் பகா எண்ணை 22ஆல் வகுத்தால் மீதி ஒன்றுதான் வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். வகுக்கும் எண்ணை அவர்களே பிடித்துவிடுவார்கள்.