அணுவும் ஆணவமும்



சுருளியாற்றங்கரையில், சின்னமனூர்ப் பூலாநந்தீசுவரர் திருமுன்னர், அணுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கோயிலில் விஞ்ஞானத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். இப்பள்ளத்தாக்கின் மலையே அதற்கு விடை சொல்லும்.

"எல்லாம் எம் முன்னோர் அன்றே சொன்னவை" என்று கூறிக் கைதட்டல் பெறுவது எளிது. மணிவாசகர் திருவண்டப்பகுதியில், வீட்டினுள் நுழையும் கதிரொளியில் தெரியும் நுண்துகளைக் காட்டி, அண்டங்கள் அவ்வாறு சிறியனவாகத் தோன்றும்படி இறைவன் பெரியவன் என்றார். அஃது இறைவன் பெருமையை உணர்த்தும் உவமை; இரசாயன நூல் அன்று. உவமையை ஆராய்ச்சி என்பது மணிவாசகருக்குப் பெருமையாகாது, ஆராய்ந்தவர்க்கு நீதியுமாகாது.

அவர்கள் அணுவை அறிந்தது எங்ஙனம்? அணு பிளவுபடாதது என்று 1808-இல் டால்டன் எழுதினார். 1897-இல் தாம்சன், அதனுள் எலக்ட்ரான் இருப்பதைக் கண்டார். நேர்மின்னூட்டம் அணு முழுதும் பரவியிருப்பதாகக் கருதினார். அவரிடம் பயின்ற ரூதர்போர்டு, மெல்லிய பொற்றகட்டின்மேல் ஆல்ஃபாத் துகள்களைச் செலுத்தச் செய்தார். பெரும்பாலானவை ஊடுருவிச் சென்றன. மிகச் சில திரும்பி வந்தன! நடுவே செறிந்த உட்கரு ஒன்று உண்டு என்று 1911-இல் அவர் துணிந்தார். கருவறையில் வைத்த கடுகு உட்கரு என்றால், அணுவின் எல்லை ஏறத்தாழ நூறு மீட்டருக்கு அப்பால், வெளிவீதியில் நிற்கும். மாணவர் ஆசிரியரைத் திருத்தினார், உண்மை வளர்ந்தது.

சில அணுக்களின் உட்கரு சிதையும்போது ஆற்றல் கணக்கில் குறைந்தது. காணாத துகள் ஒன்று அதைக் கொண்டுபோகிறது என்று 1930-இல் பவுலி ஊகித்தார். அதுவே நியூட்ரினோ. கண்டுபிடிக்க 1956 வரை காத்திருக்க நேர்ந்தது. கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள், நம் விரல்நகம் அளவான இடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி ஊடுருவிச் செல்கின்றன, நாம் உணர்வதில்லை. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965-இல் கோலார்த் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நம் நாட்டு அறிஞர்கள், சப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களுடன் சேர்ந்து கண்டனர். பிற கதிர்களைத் தடுத்து வடிகட்டப் பாறை வேண்டும். அதற்காகவே போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் அருகே, ஆய்வுக்கூடம் அமைக்க 2015-இல் மத்திய அரசு இசைந்தது. காடும் நீரும் கெடுமோ என்று ஊரார் அஞ்சினர், வழக்குகள் எழுந்தன. 2022-இல் தமிழ்நாடு அரசும் இத்திட்டத்தை ஏற்கவியலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இதில் எப்பக்கம் நிற்பது என்று நான் சொல்ல வரவில்லை. சித்தாந்தம் சொல்வதைச் சொல்கிறேன். இயல்பில் பரந்து விளங்க வேண்டிய உயிரை அணுபோற் சுருக்குவதால் அம்மலத்துக்கு ஆணவம் என்று பெயர். "யான் அறிந்ததே முடிவு" என்பவன் சுருங்குகிறான். மலையைக் குடைய வருபவர், மலையடியில் உழுபவரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளலாகாது. உழுபவரும் ஆய்வாளரைப் பகைவரென்று எண்ணலாகாது. கேட்கும் செவி இருவர்க்கும் வேண்டும். தாம்சனின் கொள்கை தவறிய இடத்தில் உட்கரு தெரிந்தது. "யான்" தவறும் இடத்தில் இறைவன் தெரிவான்.

திருச்சிற்றம்பலம்.