உடலின் புதிய வடிகால்



காவிரி பாயும் தஞ்சை நாட்டில் வளர்ந்தவர்களுக்கு வாய்க்காலின் அருமை தெரியும். வடிகாலின் அருமையும் தெரியும். வயலுக்கு நீர் வர ஒரு வழி வேண்டும் என்பது போலவே, மிகுந்த நீர் வெளியேறவும் ஒரு வழி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வடிகால் தூர்ந்து கிடந்தால் சம்பாப் பயிர் மூழ்கி அழுகிவிடும். அப்போது உழவர் கைகட்டி நிற்பதில்லை. மண்வெட்டியோடு சென்று வரப்பை வெட்டி, வேறொரு வழியில் நீரை வடிய விடுகிறார். பயிர் பிழைத்துக்கொள்கிறது.

மனித உடலுக்கும் இத்தகைய நெருக்கடி நேர்வதுண்டு. மலக்குடலில் புற்றுநோய் தோன்றலாம். குடல் புண்பட்டுச் சீர்கெடலாம். விபத்தில் குடல் கிழியலாம். சில குழந்தைகள் மலவாய் இல்லாமலே பிறப்பதும் உண்டு. அவ்வேளைகளில் அறுவை மருத்துவர் வயிற்றின் முன்புறத்தில் ஒரு சிறு திறப்பை உண்டாக்கி, குடலின் ஒரு பகுதியை அதன் வழியே வெளிக்கொணர்ந்து தோலோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார். இத்திறப்புக்கு ஸ்டோமா என்று பெயர். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு வாய் என்பது பொருள். பெருங்குடலிலிருந்து அமைத்தால் கொலாஸ்டமி என்பர். சிறுகுடலின் கடைப்பகுதியிலிருந்து அமைத்தால் இலியாஸ்டமி என்பர். சிறுநீர் வெளியேறவும் இவ்வாறு ஒரு வழி அமைப்பதுண்டு. சிலருக்கு இது சில மாதங்களுக்கே தேவைப்படும். சிலருக்கு ஆயுள் முழுவதும் தேவைப்படும். திறப்பை இறுக்கி மூடும் தசை அங்கே இல்லாமையால் கழிவு தானாகவே வெளிவரும். அதை ஏற்பதற்காக வயிற்றில் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இச்சிகிச்சை நேற்றுத் தோன்றியதன்று. 1793-இல் பிரான்சு நாட்டின் பிரெஸ்ட் நகரில் துரே என்னும் மருத்துவர், மலவாய் இன்றிப் பிறந்த பச்சிளங்குழந்தை ஒன்றுக்கு இத்தகைய திறப்பை அமைத்தார். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. அக்குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்தது. 1908-இல் இலண்டன் மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ், புற்றுநோய் கண்ட மலக்குடலை முழுவதும் அகற்றி நிலையான திறப்பு அமைக்கும் முறையை வெளியிட்டார். உயிரைக் காக்கும் வழி தெரிந்துவிட்டது. ஆனால், நல்ல பை நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1954-இல் டென்மார்க்கைச் சேர்ந்த எலீஸ் சோரென்சென் என்னும் செவிலி, இவ்வறுவைக்குப் பின் வெளியே செல்ல அஞ்சிய தம் சகோதரியின் துயரத்தைக் கண்டு, தோலில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பையை வகுத்தார். அக்காலத்திலேயே அமெரிக்க மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல், திறப்பைச் சுற்றியுள்ள தோலைக் காக்கக் கரயா பிசினைப் பயன்படுத்தினார். நம் இந்தியக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பிசின் அது!

நம் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றையும் நினைவுகூர வேண்டும். தஞ்சைக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை, மலக்குடற் புற்றுநோய்க்கு இளமையிலேயே பலியானார். அத்துயரத்தை அம்மையார் தம்மோடு அடக்கிக்கொள்ளவில்லை. 1954-இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையம், அவருடைய விடாமுயற்சியின் பயன்.

இன்றும் மலத்தில் இரத்தம் கண்டால், மூலம் என்று தாமே முடிவு செய்து நாட்கடத்துவோர் நம்மிடையே பலர். நோய் இன்னதென்று தெரிந்த பின்னரும், "வயிற்றில் பையா? அதைவிடச் சாவதே மேல்" என்று அறுவைக்கு மறுப்போர் சிலர். பிழைக்க வேண்டிய உயிர் கூச்சத்தினால் போவது எத்தனை கொடுமை! ஆதலால், பையோடு வாழ்தல் எத்தகையது என்பதை நாம் தெளிவாக அறிதல் நலம்.

திறப்பு, செந்நிறமாய், உதட்டின் உட்புறம் போல ஈரமாய் இருக்கும். தொட்டால் அதில் வலி தெரியாது. துடைக்கும்போது சிறிது இரத்தம் கசிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், அதன் நிறம் கருத்தாலும், இரத்தம் நில்லாது வழிந்தாலும், கழிவு அறவே நின்று வயிறு உப்பி வலித்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் கழிப்பறையில் அதைக் காலி செய்துவிட வேண்டும். நிறைய விட்டால் கனத்தில் பிய்ந்துகொள்ளும். ஒட்டுத் தகட்டைச் சில நாட்களுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். காலையில் உண்பதற்கு முன் மாற்றுவது எளிது. அப்போது கழிவு குறைவு. பழைய தகட்டை மெல்ல உரித்து, வெதுவெதுப்பான நீரால் கழுவி, மென்துணியால் ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். எண்ணெயோ பவுடரோ பூசினால் தகடு ஒட்டாது. தகட்டின் துளை, திறப்பைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே அகன்றிருக்கலாம். அதற்கு மேல் அகன்றால் கழிவு தோலில் பட்டுப் புண்ணாக்கும். கழற்றிய பையைத் தாளில் சுற்றிக் குப்பையில் சேர்க்க வேண்டுமேயன்றி, ஆற்றிலோ வாய்க்காலிலோ எறிதல் ஆகாது.

உணவில் பெரிய விலக்கு எதுவும் இல்லை. சோறும் தயிரும் வாழைப்பழமும் நன்கு ஏற்கும். இலியாஸ்டமி உடையோர் மட்டும் தேங்காய்ச் சில்லு, சோளம், நார் மிகுந்த கிழங்கு ஆகியவற்றை முதல் சில வாரங்கள் தவிர்த்து, பிறகு நன்றாக மென்று உண்ண வேண்டும். அவர்கள் உடலிலிருந்து நீரும் உப்பும் மிகுதியாக வெளியேறும். சித்திரை வெயிலில் உழைக்கும்போது உப்பிட்ட கஞ்சியோ, உப்பும் சர்க்கரையும் அளவாகச் சேர்ந்த கரைசலோ இடையிடையே பருகுவது இன்றியமையாதது.

வேலைக்குத் திரும்பலாமா? தாராளமாகத் திரும்பலாம். ஆனால், புண் ஆறிய பின்னும் நெல்மூட்டை போன்ற பெருஞ்சுமையைத் தூக்கினால் திறப்பின் அருகே குடல் பிதுங்கக்கூடும். குனிந்து நாற்று நடுவோர், தம் தொழிலையும் சேலையோ வேட்டியோ கட்டும் இடத்தையும் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உட்காரவும் நிற்கவும் குனியவும் செய்து பார்த்து, மடிப்பு விழாத இடத்தில் அவர் குறியிடுவார். பையோடு குளிக்கலாம், பேருந்தில் செல்லலாம், மணம் புரிந்து மக்களைப் பெறலாம். கோயிலுக்குச் செல்லத் தயங்குவோரும் உண்டு. கழிவைத் தாங்காத உடல் உலகில் ஏது?

உண்மையான இடர்கள் வேறு. அறுவைக்கு அரசு மருத்துவமனை உண்டு. பையோ விடாது தொடரும் செலவு. வீட்டுக்கு ஒரு தூய கழிப்பறை வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பேசத் துணை வேண்டும். 1975-இல் மும்பையில் தொடங்கிய இந்திய ஆஸ்டமி சங்கத்தில், இவ்வறுவை செய்துகொண்டவர்களே புதிய நோயாளிகளுக்குத் துணை நிற்கின்றனர். வாழ்ந்து காட்டுபவர் ஒருவரை நேரில் காண்பதைவிடச் சிறந்த ஆறுதல் எது?

மாணவர்களே, உங்கள் தாத்தாவுக்கோ அத்தைக்கோ இந்நிலை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். பையை மாற்றும் முறையை அவர்களோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வகுப்புத் தோழன் ஒருவன் அடிக்கடி எழுந்து வெளியே சென்றால் காரணம் கேட்டு வதைக்காதீர்கள். வாயுவின் ஒலி கேட்டுச் சிரிக்காதீர்கள். அவ்வொலியை அவனால் அடக்க இயலாது. உங்களுள் மருத்துவராகவும் செவிலியராகவும் ஆகப்போகிறவர்கள் இருப்பீர்கள். அறுவை முடிந்ததும் உங்கள் கடமை முடிந்துவிடாது. நோயாளி தம் கையாலேயே பையை மாற்றி, வேட்டியைக் கட்டிக்கொண்டு, தம் வயலுக்கு நடந்து செல்லும் நாளில்தான் அது நிறைவுறும்.