மிகுதிறனும் குறைபாடும்: இல்லக் கல்வி
(பாலக்காடு மாவட்டம் சித்தூரில் ஆற்றிய உரை)



கணக்கில் வகுப்பையே முந்தும் சிறுவன் நான்கு வரி எழுதத் திணறுகிறான். சோம்பல் என்கிறார் ஆசிரியர். பிடிவாதம் என்கின்றனர் பெற்றோர். மிகுதிறனும் கற்றல் குறைபாடும் ஒருங்கே அமைந்த பிள்ளைகள் உண்டு. ஒன்று மற்றொன்றை மறைப்பதால் இரண்டுமே கவனிப்பாரின்றிப் போகின்றன.

சித்தூர் வட்டத்தில் மொழியும் இதனோடு சேர்கிறது. தமிழ்வழிப் பள்ளிகள் இருப்பினும், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகள் பலர். மலையாள எழுத்தில் தடுமாறுவது குறைபாடா, பழக்கமின்மையா? தமிழிலும் சோதிக்காமல் முடிவு கட்டுவது தகாது. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யக் கூறும் அரசியலமைப்பின் 350அ பிரிவு 1956இலேயே சேர்க்கப்பட்டது.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் சேர்ந்த இராமானுஜன், கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். 1918இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அவருக்குக் குறைபாடு இருந்ததென நான் கூறவில்லை. சமச்சீரற்ற திறனை நம் தேர்வுமுறை நடத்திய விதத்தையே சுட்டுகிறேன்.

இத்தகைய பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்க முனைவோர், பள்ளியையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுதல் கூடாது. கணக்கை வாய்மொழியாகவே அவன் நிலைக்கேற்பக் கற்பியுங்கள். விடையையும் வாய்மொழியாகப் பெறுங்கள். எழுத்துப் பயிற்சி தனியே, நாள்தோறும் சிறிது நேரம் நடக்கட்டும். எழுதி முடித்தால்தான் கணக்கு என்னும் நிபந்தனை வேண்டா. 14 வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதியலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை ஏற்கிறது. மிகுதிறனைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆகவே, மதிப்பீட்டுக்கு வரும் அலுவலர்கள் பிள்ளையால் இயலாததோடு இயல்வதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழறிந்த ஒருவரையும் உடன் அழைத்து வருதல் வேண்டும்.