உண்டியற் காசும் வானவிற் பேரணியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சென்னையில் 2009 ஆம் ஆண்டு சூன் மாதம் தொடங்கிய பேரணிக்கு வானவில் சுயமரியாதைப் பேரணி என்று பெயர். திருநங்கையரும் திருநம்பியரும் தன்பால் ஈர்ப்புடையோரும் முகம் மறைக்காமல் தெருவில் நடக்கும் நாள் அது. அத்தகைய விழாக்கள் சிற்றூர்களிலும் எழுகின்றன. அவற்றுக்கு நாம் பொருளுதவி செய்யலாமா என்பதே வினா. “நம் பிள்ளைகளின் கல்விக்கே உண்டியல் ஏந்தும் நாம், பிறர் விழாவுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?” என்று கேட்போர் உளர். கேட்பது முறையே.

ஆனால் அவர்கள் பிறர் அல்லர். திருநங்கை கிரேஸ் பானு தலித் குடும்பத்தில் பிறந்தவர். பொறியியல் படிக்கப் போராடி இடம் பெற்றவர். திருநர்க்குக் கிடைமட்ட இடஒதுக்கீடு வேண்டுமென வலியுறுத்தி வருபவர். பட்டியல் சாதியிற் பிறந்த திருநங்கை, சாதியால் வரும் உரிமையை இழக்காமலே திருநர் என்னும் உரிமையையும் பெறவேண்டும் என்பதே அக்கோரிக்கை. நம் தெருவிலும் அத்தகைய பிள்ளைகள் உண்டு; பேசாதிருக்கிறோம், அவ்வளவே.

கூட்டம் கூடக் காசு வேண்டும் என்பதை நம்மினும் அறிந்தவர் யார்? 1927 மார்ச்சில் மகத் நகரில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மாநாடு கூடியபோது, ஊரில் குளம் நிறைந்திருந்தும், வந்தோர் தாகம் தீர்க்க 40 ரூபாய்க்குத் தண்ணீர் விலைக்கு வாங்கவேண்டியிருந்தது! இவர்கள் விழாவிலும் செலவு அத்தகையதே: பறைக்கலைஞர் ஊதியம், ஒலிபெருக்கி, பதாகை, குடிநீர், முதலுதவி. வீட்டார் அறியாமல் வெளியூரிலிருந்து வருவோர்க்குப் பேருந்துக் கட்டணமும் ஓரிரவு தங்க இடமும் வேண்டும். பெருநகர விழாக்களைப் பெரிய நிறுவனங்கள் நாடி வரும். சிற்றூர்ப் பக்கம் அவை எட்டிப் பார்ப்பதில்லை. 2008 இல் தொடங்கிய தில்லிப் பேரணியினரோ நிறுவனப் பணத்தை வேண்டாமென்று விலக்கித் தனிமனிதர் தரும் சிறு நன்கொடைகளால் நடத்துவதைக் கொள்கையாகக் கொண்டனர். நமக்கு அம்முறை பிடித்திருக்கிறது.

இங்கிலாந்து நிகழ்ச்சி ஒன்றை இளைஞர்கள் அறிதல் நன்று. 1984 இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் குடும்பங்களுக்காக மார்க் ஆஷ்டன், மைக் ஜாக்சன் என்னும் இளைஞர்கள் லண்டன் பிரைடு பேரணியில் வாளி ஏந்திக் காசு திரட்டினர். தன்பால் ஈர்ப்புடையோரின் அக்காசு வேல்சு நாட்டு டுலைசு பள்ளத்தாக்கின் சுரங்கக் குடும்பங்களுக்குச் சென்றது. தொழிற்சங்கத்தின் நிதியை நீதிமன்றம் முடக்கியிருந்த காலத்தில், நேரே ஊர்மக்கள் கையில் சேர்ந்த உதவி அது. அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று நடத்திய இசை நிகழ்ச்சியால் மட்டும் 5,650 பவுண்டு சேர்ந்தது. 1985 மார்ச்சில் வேலைநிறுத்தம் தோற்றது, நட்பு தோற்கவில்லை. சூன் 29 அன்று லண்டன் பேரணியின் முகப்பில், தங்கள் சங்கக் கொடியேந்திச் சுரங்கத் தொழிலாளர் நடந்தனர். அவ்வாண்டே தொழிற்கட்சி மாநாட்டில் தன்பால் ஈர்ப்புடையோர் உரிமைத் தீர்மானம் நிறைவேறச் சுரங்கச் சங்கத்தின் வாக்குகள் துணைநின்றன. கடுந்தொழில் செய்யும் ஆடவர் இவர்களை ஏற்கமாட்டார் என்று சொன்னவர்கள் அன்று என்ன சொன்னார்களோ!

நாம் கொடுக்கும் முறைக்கு வருவோம். கல்வி உதவி நிதியில் ஒரு காசும் தொடலாகாது. இதற்குத் தனி உண்டியல் வேண்டும். பணம் விழா நடத்துவோர் கையிலேயே சேரவேண்டும். அவர்களிடம் செலவுக் கணக்குக் கேட்கலாம், அது அவமதிப்பு ஆகாது. ஆயின் கொடுத்ததற்காக மேடையில் இடமோ பதாகையில் பெயரோ கேட்கலாகாது. (நமக்கு மேசை நாற்காலி தந்த ஒருவர் ஆண்டு விழாதோறும் முதல் இருக்கை கேட்டதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்.) காசில்லாதோர் கழகத்தின் சமையற் பாத்திரங்களை எடுத்துச்சென்று கஞ்சி காய்ச்சித் தரலாம், பதாகை எழுதித் தரலாம்.

நூலகத் தாழ்வாரத்தில் இன்று மாலை உண்டியல் வைக்கப்படும். பெயர் எழுத விரும்பாதோர்க்குப் பெயரின்றியே பற்றுச்சீட்டு தருமாறு பொருளாளரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.