பாக்கெட்டுக்கு முன்னாடி ஸ்டாரா, எச்சரிக்கையா?

(மஞ்சக்குட்டை கிளைக் கூட்டத்தில் ஐ.டி. விங் சார்பில் பேசியது)



பெட்டிக்கடையில் தொங்குற சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டைப் பாருங்க. முன்பக்கம் கலர் கலரா படம். சர்க்கரை, உப்பு எவ்வளவுன்னு பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கும். நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவங்களுக்குச் சர்க்கரை நோய்னு ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொல்லிடுச்சு. அந்த விவரம் முன்பக்கம் வரணுமா இல்லையா?

2022 செப்டம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரைவு விட்டது. பாக்கெட்டின் முன்பக்கம் அரை ஸ்டாரில் இருந்து 5 ஸ்டார் வரை போடணுமாம். அதுவும் முதல் 4 வருஷம் விருப்பப்பட்டால் போதுமாம்!

இதில் சிக்கல் என்ன? சர்க்கரையால் குறையுற மதிப்பெண்ணை, கொஞ்சம் பருப்பும் நார்ச்சத்தும் சேர்த்து கம்பெனி ஈடுகட்டிக்கலாம். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்குத் தெரியும், ஒரு பேப்பர்ல அரியர் இருந்தா மத்த பேப்பர் மார்க்கை வச்சு டிகிரி தர மாட்டாங்க. பாக்கெட்டுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை?

சிலி நாட்டில் 2016-லேயே ‘சர்க்கரை அதிகம்’, ‘உப்பு அதிகம்’னு கருப்பு எண்கோண முத்திரை வந்தாச்சு. சர்க்கரை சேர்த்த திண்பண்டம்னா 100 கிராமுக்கு 22.5 கிராம் வரம்பு. 2019-ல் அதை 10 கிராமா இறக்கினாங்க. முத்திரைக்குப் பயந்து பல கம்பெனிகள் தயாரிப்பு முறையையே மாத்தினாங்க. லேபிளோட உண்மையான வேலை அதுதான்.

இங்கே? 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தும் முடிவு வரல. 2025 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றம் 3 மாசம் கெடு கொடுத்தது. ஜூலையில் மறுபடி 3 மாசம் அவகாசம்!

நம்ம மலைக்காரங்க பயப்பட வேண்டாம். மிளகு, காபித்தூள் மாதிரி பொருளுக்குச் சத்து விவரப் பட்டியலே கட்டாயமில்லை. ஆனா ஜாம், ஊறுகாய், சிப்ஸ் போடுற மகளிர் குழுவுக்கு லேப் டெஸ்ட், புது கவர் அச்சடிப்புன்னு செலவு வரும். பெரிய கம்பெனி கோடிக்கணக்கான பாக்கெட்டில் அந்தச் செலவைப் பிரிச்சிடும். 200 பாட்டில் போடுற அக்கா என்ன செய்வாங்க?

அதனால நாம கேட்பது மூணு:

1. ஸ்டார் வேண்டாம், நேரடி எச்சரிக்கை வேணும்.
2. அது தமிழிலும் இருக்கணும்.
3. சிறு தயாரிப்பாளர்களுக்குச் சேலம் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் இலவசப் பரிசோதனையும், பழைய கவரைத் தீர்க்கக் கால அவகாசமும் வேணும்.

சின்னவங்களுக்கு அவகாசம் கொடுங்க. பெரியவங்களுக்கு 4 வருஷம் எதுக்கு?

படிச்சுட்டு ஷேர் பண்ணுங்க தோழர்களே.